பாஸ்டன் நகரத்துக் கொலை வழக்கு

பொதுமக்களுள் தெரிந்தெடுத்த ஜூரர்கள் அமர்ந்து கொலை வழக்கை விசாரிக்கும் முறை முன்பு நம் நாட்டிலும் இருந்தது. இன்று அதனை மாணவர்களாகிய நீங்கள் சரித்திரத்தில்தான் காண இயலும். அத்தகைய வழக்கொன்றை இப்போது கூறுகிறேன்.

1770ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் இரவு. வட அமெரிக்காவில் ஆங்கில அரசுக்கு உட்பட்டிருந்த பாஸ்டன் நகரில், சுங்கச் சாவடி முன் காவல் நின்ற சிப்பாய் ஒருவனைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. வசைமொழிகளோடு பனிக்கட்டிகளும் பறந்தன. காப்டன் பிரஸ்டன் ஏழு சிப்பாய்களுடன் துணைக்கு விரைந்தார். துப்பாக்கிகள் வெடித்தன, ஐவர் மாண்டனர்.

நகரமே கொதித்தது. காப்டனுக்கும் எட்டுச் சிப்பாய்களுக்கும் வாதாட ஒப்புக்கொண்டவர் 34 வயதான ஜான் ஆடம்ஸ். அவரோ ஆங்கில அரசின் வரிக்கொள்கையை எதிர்த்தவர்! அவருக்குத் துணை நின்றவர் ஜோசையா குவின்சி. ஜோசையாவின் தமையன் சாமுவேல் எதிர்த்தரப்பில் அரசாங்க வக்கீல். இப்படியும் ஒரு குடும்பம்!

வழக்கில் ஒரு முடிச்சு இருந்தது. காப்டன், "சுடும்படி நான் ஆணையிடவில்லை" என்றார். சிப்பாய்களோ ஆணைக்குப் பணிந்தே சுட்டதாகக் கூறினர். எல்லோரையும் சேர்த்தே விசாரிக்குமாறு மன்றாடினர். நீதிமன்றம் இணங்கவில்லை. காப்டன் அக்டோபரில் விடுதலையானார். அதனால் சிப்பாய்களின் கழுத்தருகே கயிறு நெருங்கியது. இரு சாராருக்கும் ஒரே வக்கீல் வாதாடியது முறையா என்று கேட்டால், முறையன்று என்பதே என் கருத்து.

சிப்பாய்களின் விசாரணை நவம்பர் 27இல் தொடங்கியது. ஜூரர்களுள் பாஸ்டன் நகரத்தார் ஒருவரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் தாமே சாட்சி சொல்ல அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. அவர்களுக்காகப் பேசியவன், குண்டடிபட்டுச் சில நாள் உயிரோடிருந்து மாண்ட பாட்ரிக் கார் என்னும் அயர்லாந்துக்காரன். சிப்பாய்கள் தங்களைக் காத்துக்கொள்ளவே சுட்டனர் என்றும், தன்னைச் சுட்டவன்மீது தனக்குப் பகையில்லை என்றும் அவன் மருத்துவரிடம் கூறியிருந்தான். பிறர் வாய்ச்சொல்லைச் சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை; எனினும் சாகுந்தறுவாயில் சொன்ன சொல்லாதலால் இதனை ஏற்றது.

ஆடம்ஸ் ஜூரர்களிடம் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். உயிருக்கே ஆபத்து நேர்ந்து சுட்டிருந்தால் அது குற்றமன்று. அடியும் அவமதிப்பும் பொறாமல் சுட்டிருந்தால் அது குற்றந்தான். ஆயினும் கொலைக் குற்றமன்று, அதனினும் சிறியது.

டிசம்பர் 5இல் தீர்ப்பு வந்தது. ஜூரர்கள் எண்மரையும் ஒரு கும்பலாகக் கருதாமல் தனித்தனியே எடைபோட்டிருந்தனர். அறுவர் விடுதலையாயினர். கில்ராய், மாண்ட்கோமரி என்னும் இருவர் சுட்டுக் கொன்றது ஐயமற விளங்கியமையால், அவர்கள்மீது மட்டும் அச்சிறு குற்றம் நிலைத்தது. பாதிரிமாருக்கென்று பண்டு ஏற்பட்டுப் பின்னர் மற்றவர்க்கும் விரிந்த ஒரு சலுகையால் அவர்கள் தூக்குக்குத் தப்பினர். கட்டைவிரலில் சூட்டுக்கோல் அடையாளத்தோடு வெளியேறினர்.

ஆடம்ஸ் பின்னர் 1797இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். அதற்கு நெடுநாள் முன்பே, 1773 மார்ச்சு 5ஆம் நாள் தம் நாட்குறிப்பில், தாம் நாட்டுக்குச் செய்த மிக நல்ல பணிகளுள் இவ்வழக்கும் ஒன்றென எழுதினார். அதன் பின்னரே, அவ்விரவு நடந்ததை நகரத்தார் படுகொலை என்றழைக்க இத்தீர்ப்பு தடையன்று என்றும் எழுதிவைத்தார்.