புய நரம்புப் பின்னல் மரப்பு

புய நரம்புப் பின்னல் மரப்பு என்பது, நோயாளியை முழுமையாக மயக்காமல், கைக்குச் செல்லும் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்தி, ஒரு கையை மட்டும் சில மணி நேரம் உணர்விழக்கச் செய்யும் முறை. ஐந்தாம் கழுத்து நரம்பில் தொடங்கி முதலாம் மார்பு நரம்பில் முடியும் ஐந்து வேர்கள் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு, கழுத்தின் பக்கவாட்டில் இரு தசைகளுக்கு நடுவே நுழைகின்றன. பிறகு காறை எலும்புக்குப் பின்னால் முதல் விலா எலும்பைத் தாண்டி, அக்குளில் தமனியைச் சூழ்ந்தபடி கைக்குள் இறங்குகின்றன. தோளிலிருந்து விரல் நுனி வரை வலியைச் சுமக்கும் நரம்புகளில் ஏறத்தாழ எல்லாமே இந்த ஒடுக்கமான வழியில்தான் வருகின்றன. அந்த வழியைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஒரே ஊசியில் கை முழுவதும் மரத்துப்போகும். இம்முறையின் வரலாற்றைக் கோகெய்ன், நோவகெய்ன், லிடோகெய்ன் என்று மருந்துகளின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். சான்றுகளைக் கூர்ந்து பார்த்தால், தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நரம்பு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் அறிந்துகொண்ட விதம் மாறியதுதான் இந்த வரலாற்றின் முதுகெலும்பு என்று தெரிகிறது.

1884இல் வியன்னாவின் கார்ல் கோல்லர் கோகெய்ன் கண்ணை மரக்கச் செய்யும் என்று காட்டினார். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதே மருந்தைப் புய நரம்புகளில் செலுத்திப் பார்த்தார். அவர் கழுத்தைக் கீறித் திறந்து, நரம்புகளைக் கண்ணால் கண்டு, அவற்றிலேயே மருந்தைச் செலுத்தினார். 1897இல் ஜார்ஜ் கிரைலும் இப்படித் திறந்துதான் செய்தார். நரம்பு கண்ணுக்குத் தெரிந்ததால் மருந்து தவறான இடத்துக்குப் போகவில்லை. ஆனால் கை அறுவைக்காகக் கழுத்தில் இன்னோர் அறுவை செய்ய வேண்டியிருந்தது. கோகெய்னின் விலையையும் மறந்துவிடக் கூடாது: மருந்தைத் தன் உடலிலேயே சோதித்த ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையாகி, அதிலிருந்து மீளப் பல ஆண்டுகள் போராடினார். இத்துறையின் முதல் பக்கத்திலேயே அந்தத் துயரம் பதிந்திருக்கிறது.

தோலைத் திறக்காமல் ஊசி மட்டும் செலுத்தும் முறை 1911இல் ஜெர்மனியில் பிறந்தது. கியோர்க் ஹிர்ஷல் அக்குள் வழியாகவும், டீட்ரிஷ் குலென்கம்ப்ஃப் காறை எலும்புக்கு மேலிருந்தும் ஊசியைச் செலுத்தினர். குலென்கம்ப்ஃப் தன் முறையை முதலில் தன் மீதே சோதித்தார். காறை எலும்பின் நடுப்பகுதி, அங்கே விரலில் தட்டும் தமனியின் துடிப்பு, கீழே தடுப்புச் சுவர்போல் நிற்கும் முதல் விலா எலும்பு ஆகிய மூன்றும் அவருக்கு அடையாளங்கள். ஊசி நரம்பைத் தொட்டதும் நோயாளி கையில் ‘சுரீர்’ என்று உணர்ந்து சொல்ல வேண்டும். அதன் பிறகே மருந்து. 1928இல் பெர்ஸ்கியுடன் சேர்ந்து ஆயிரம் பேருக்குச் செய்த அனுபவத்தை அவர் வெளியிட்டார். ஆனால் முதல் விலா எலும்புக்கு அடியிலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி சிறிது விலகினாலும் நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கக்கூடும். இந்தப் பழைய முறையில் அது 0.5 முதல் 6 விழுக்காடு வரை நேர்ந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கைவிரல் அறுவைக்கு வந்தவருக்கு இது சிறிய ஆபத்தல்ல. பல மருத்துவமனைகள் இம்முறையை ஒதுக்கி முழு மயக்கத்தையே நாடியதற்கு இந்த அச்சம் முக்கியக் காரணம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நல்ல மருந்துகள் வராமல் இவையெல்லாம் நடந்திருக்குமா? நடந்திருக்காது. ஹைன்ரிஷ் பிரவுன் 1903இல் அட்ரினலினைச் சேர்த்து மருந்து விரைவாக இரத்தத்தில் கலப்பதைத் தடுத்தார். ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவகெய்னை 1905இல் மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் உருவாக்கிய லிடோகெய்ன் 1948இல் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொன்றும் தவறின் தண்டனையைக் குறைத்தது, தவறையே குறைக்கவில்லை. நுரையீரலைத் துளைத்த ஊசிக்குள் எந்த மருந்து இருந்தது என்பதில் என்ன வேறுபாடு? நெடுநேரம் நிற்கும் புப்பிவகெய்ன் வந்த பிறகு ஆபத்தின் ஒரு பக்கம் கூடவும் செய்தது. அது இரத்தக் குழாய்க்குள் போனால் இதயம் நின்று, மீட்பதும் கடினமாகிறது என்று 1979இல் எச்சரிக்கை எழுந்தது. நல்ல மருந்து சரியான இடத்தை இன்னும் கண்டிப்பாகக் கேட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஆகஸ்ட் பியரின் 1908ஆம் ஆண்டு முறை. கையில் இரத்த ஓட்டத்தைப் பட்டையால் கட்டி நிறுத்தி, சிரைக்குள் மருந்தைச் செலுத்தினால் கை மரத்துவிடும். நரம்பைத் தேடவே வேண்டாம். சிறு அறுவைகளுக்கு இன்றும் இது பயன்படுகிறது. ஆனால் பட்டையின் வலியைத் தாங்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். பட்டையை அவிழ்த்தவுடன் மரப்பும் போய்விடுகிறது. நரம்பைத் தேடாமல் கிடைக்கும் பயன் எவ்வளவு குறுகியது என்பதையே இது காட்டுகிறது.

அடுத்து வந்தது உறை என்னும் எண்ணம். நரம்புகளையும் தமனியையும் ஒரு உறை போர்த்தியிருக்கிறது என்றால், அதற்குள் எங்கே ஊசி போட்டாலும் மருந்து பரவும் அல்லவா? 1961இல் டி ஜாங் அக்குளில் அந்த உறையை நிரப்ப 42 மில்லிலிட்டர் வேண்டும் என்று கணக்கிட்டார். அலோன் வின்னி 1964இலும் 1970இலும் கழுத்துத் தசைகளின் இடைவெளியையே வழிகாட்டியாக்கினார்; அவருடைய கழுத்துவழி முறை தோள் அறுவைக்கு மிகவும் ஏற்றது. உறைக்குள் தடுப்புச் சவ்வுகள் உண்டு என்று 1983இல் தாம்சனும் ரோரியும் காட்டியபோது, சில விரல்கள் மட்டும் மரக்காமல் போவதன் காரணம் விளங்கியது. நோயாளி சொல்லும் ‘சுரீர்’ உணர்வுக்குப் பதிலாகச் சிறு மின்னோட்டத்தால் விரல் துடிப்பதைப் பார்க்கும் முறையை 1912இலேயே பெர்தெஸ் முன்வைத்திருந்தார். எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவி 1962இல் வந்த பிறகே அது பரவலானது. ஊசி நரம்புக்கு அருகில் வந்துவிட்டதை இந்தத் துடிப்பு சொல்லும். நுரையீரல் எவ்வளவு அருகில் என்று சொல்லாது.

1978இல் லா கிராஞ்சும் உடன் பணியாற்றியவர்களும் டாப்ளர் ஒலியால் தமனியைக் கண்டறிந்து 61 பேருக்கு மரப்பு செய்தனர். 1994இல் வியன்னாவில் கப்ராலின் குழு 40 பேருக்கு அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பையும் தமனியையும் ஊசியையும் மருந்து பரவுவதையும் நேரடியாகப் பார்த்தபடி செய்தது. ஒருவருக்கும் நுரையீரல் துளைபடவில்லை. ஹால்ஸ்டெட் கத்தியால் பெற்ற பார்வை கீறலின்றித் திரும்பக் கிடைத்தது. ஆனால் இதைப் பெரிதுபடுத்தக் கூடாது. அல்ட்ராசவுண்ட் வந்ததால் நீடித்த நரம்புக் காயம் குறைந்தது என்று இதுவரை தெளிவாக நிறுவப்படவில்லை. ஊசி முனையைத் திரையில் தொலைத்துவிடும் கைக்கு இயந்திரம் பாதுகாப்பளிக்காது. இந்த மறுப்பை அப்படியே ஏற்க வேண்டும். இருந்தும் மருந்து நஞ்சாகும் நிகழ்வுகளில் பலன் தெளிவாக இருக்கிறது: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பதிவேட்டில் 25,000க்கும் மேற்பட்ட நரம்பு மரப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தியபோது அந்த ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியதாகக் கண்டது.

பார்வை தந்த இன்னொரு பலன் மருந்தின் அளவில் தெரிகிறது. கழுத்துவழி மரப்பில் உதரவிதானத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கிறது என்று 1991இல் அர்மே கண்டிருந்தார். நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலாகிவிடும். 2008இல் ரியாஸியும் குழுவினரும் திரையைப் பார்த்து 20 மில்லிலிட்டருக்குப் பதிலாக 5 மில்லிலிட்டர் செலுத்தியபோது வலி நீக்கம் குறையவில்லை. உதரவிதானம் செயலிழந்தவர்கள் 100 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகக் குறைந்தனர்.