பண்புசார் உரைப் பகுப்பாய்வு மென்பொருள் தேர்வு

நேர்காணல் எழுத்துப்படிகள், குழு உரையாடல்கள், களக்குறிப்புகள் ஆகியவற்றைக் குறியிட்டுத் தொகுக்க உதவும் மென்பொருள்களில் ஆய்வுக்கு ஏற்றதைத் தெரிவு செய்தல். உரைக்குப் பொருள் காண்பவர் ஆய்வாளரே. அவர் இட்ட குறியீடுகளை நினைவில் வைத்து, ஒரே குறியீட்டின் கீழ் வரும் பகுதிகளைக் கேட்டவுடன் திரட்டித் தருவதுதான் மென்பொருளின் வேலை.

ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் இணையர் 1980களில் உருவாக்கிய நூடிஸ்ட், இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. இன்றைய என்விவோ அதன் வழித்தோன்றல். அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ இரண்டும் ஜெர்மனியில் பிறந்தவை. இம்மூன்றும் கட்டண மென்பொருள்கள். டேகெட், குவால்கோடர் ஆகியவை இலவசம், திறமூலம். எழுத்து மட்டும் உள்ள சிறிய ஆய்வுக்கு டேகெட்டே போதும். ஒலி, காணொளியும் இருந்தால் குவால்கோடர் ஏற்றது.

தமிழ்த் தரவுக்குத் தேடல் வசதியை முதலில் சோதிக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்று தேடினால் ‘தண்ணீரை’, ‘தண்ணீருக்கு’ ஆகியவை சிக்காது; இறுதிப் புள்ளியை நீக்கித் ‘தண்ணீர’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் பேச்சுவழக்கின் ‘தண்ணி’ அப்போதும் நழுவும். எனவே தேடலை நம்பித் தானாகக் குறியிடுவது ஆபத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை முன்பே யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

குறியீடுகளை வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்ல ரெஃபி-கியூடிஏ என்னும் பொது வடிவம் உள்ளது. அதை ஏற்காத மென்பொருளை நெடுங்கால ஆய்வுக்குத் தவிர்ப்பது நல்லது. பதிலளித்தவர்களின் அந்தரங்கம் உள்ள தரவுக்கு, சொந்தக் கணினியிலேயே இயங்குவது பாதுகாப்பானது.