அரசு மருத்துவச் சேவையில் மக்கள் கண்காணிப்பு

இலவச சிகிச்சைக்குக் கையூட்டு கேட்பது, மருந்தை வெளியே வாங்கச் சொல்வது, பணிநேரத்தில் மருத்துவர் இல்லாதிருப்பது ஆகியவற்றைப் பயனாளிகளே பதிவுசெய்து, அதிகாரிகளிடம் பொதுவில் பதில் கேட்கும் முறை.

தோற்றம்: 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொடங்கிய பொது விசாரணைகள் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன. மருத்துவமனைகளில் மக்கள் இடம்பெறும் ரோகி கல்யாண் சமிதி (நோயாளர் நலக் குழு), 1990களின் நடுவில் இந்தூர் அரசு மருத்துவமனையில் எலிகளை ஒழிக்க ஊர் கூடியதிலிருந்து உருவானதாகச் சொல்லப்படுகிறது.

கொல்கத்தா வழக்கு: 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தின் மதுராபூரில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. அவர் உறுப்பினராயிருந்த பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி என்ற வேளாண் தொழிலாளர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1996 மே 6 அன்று உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பு வாழ்வுரிமை மீறல் என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

2007–2009: தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பைச் சோதித்தது. மகாராஷ்டிரத்தில் புனேயின் சாத்தி அமைப்பு ஒருங்கிணைக்க, ஐந்து மாவட்டங்களின் 225 கிராமங்களில் நடந்த பணியே விரிவாகப் பதிவாகியுள்ளது. கிராமக் குழு தாய்சேய் நலம், மருந்து இருப்பு, ஊழியர் நடத்தை முதலியவற்றை விசாரித்து அட்டையில் நிறமிடும்: நன்றெனில் பச்சை, நடுத்தரமெனில் மஞ்சள், மோசமெனில் சிவப்பு. எழுத்தறியாத மூதாட்டியும் தன் ஊர் நிலையைப் பார்த்ததும் அறிய முடிந்தது இதன் தனிச்சிறப்பு. பின்னர் மக்கள் விசாரணையில் குறைகள் அதிகாரிகள் முன் வாசிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, தருமபுரி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் இது நடந்தது. மேற்கு வங்கம் அந்த ஒன்பது மாநிலங்களில் இல்லை, திட்டமும் ஊரகத்துக்கானது. எனவே கொல்கத்தாவின் கார்டன் ரீச் போன்ற நகர்ப்புற உழைப்பாளர் பகுதிகள் இருவகையிலும் விடுபட்டன.

பயன்: சட்டவிரோத வசூல் குறைந்ததாக நடத்தியவர்கள் கூறுகின்றனர். கணக்கெடுத்தவர்களும் அவர்களே என்பதால் இதை உறுதியாக ஏற்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அண்மைக்காலம்: 2013இல் வந்த தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் குடிசைப் பகுதிகளுக்கு மகளிர் ஆரோக்கியக் குழுக்களை வகுத்தது. கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் அரசு மருத்துவமனையில் பெண் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட விவகாரத்தை அடுத்து, 2024 செப்டம்பரில் மேற்கு வங்க முதல்வர் ரோகி கல்யாண் சமிதிகள் கலைக்கப்படுவதாக அறிவித்தார். குழுவில் பெயரளவுக்கு மக்கள் இருந்தால் போதாது. கேட்ட கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமே இம்முறையின் உயிர்.