பொய் சொல்லாதவர்கள்

1931-இல் அயர்லாந்து அரசின் கைக்கு ஓர் அறிக்கை வந்தது. வழக்கறிஞர் வில்லியம் காரிகன் தலைமையிலான குழு தயாரித்தது. சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்கள் பெருகிவிட்டன, அவற்றில் நூற்றுக்குப் பதினைந்துகூட வழக்காவதில்லை என்று அந்தக் குழுவிடம் சொன்னவர் நாட்டின் போலீஸ் தலைவர் ஓயின் ஓடஃபி.

அறிக்கையை வெளியிடவே வேண்டாம் என்றது அரசின் நீதி அமைச்சகம். குழந்தைகளின் சாட்சியத்தை எளிதில் நம்பக் கூடாது என்பது அதன் வாதம். கற்பனை மிகுந்த பிள்ளை தான் புனைந்ததைத் தானே நிஜமென்று நம்பிவிடும், எவ்வளவு கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்தாலும் அசையாமல் நிற்கும் என்று எழுதி வைத்தார்கள். தடுமாறினால் பொய். தடுமாறாவிட்டாலும் பொய். பிறகு அந்தப் பிள்ளை எந்த வாசலைத் தட்டும்?

அறிக்கை அலமாரிக்குள் போனது. துறவியர் சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளுக்கு ஏழைப் பிள்ளைகளை நீதிமன்றங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தன. அங்கே பட்ட கொடுமையை வெளியே வந்து பேசியவர்களை ஊர் நம்பவில்லை. சாமியார்மீது அபாண்டம் சுமத்துவதாகவே பார்த்தது.

1992 அக்டோபரில் அயர்லாந்துப் பாடகி ஷனேட் ஓகானர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போப்பின் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகள் வதைக்கப்படுவதைக் கண்டித்தே அதைச் செய்தார். தாயிடம் அடிபட்டு வளர்ந்தவர் அவர். இரண்டே வாரத்தில் நியூயார்க் மேடையில் கூச்சல் போட்டு, அவர் பாட வந்த பாட்டைப் பாடவிடாமல் செய்தார்கள். அவருடைய இசைத்தட்டுகளைத் தெருவில் கொட்டி ரோடு ரோலர் ஏற்றினார்கள். அவர் எதைச் சொல்ல வந்தார் என்று கேட்டவர்கள் சிலரே.

காற்று மெல்லத் திரும்பியது. 1996-இல் கோல்டன்பிரிட்ஜ் தொழிற்பள்ளியில் வளர்ந்த கிறிஸ்டின் பக்லி தன் கதையைத் தொலைக்காட்சியில் சொன்னார். 1999-இல் மேரி ராஃப்டரியின் ஆவணத் தொடர் நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டு மே 11 அன்று பிரதமர் பெர்டி அஹெர்ன் அரசின் சார்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் மன்னிப்போடு ஒரு பூட்டும் வந்தது. 2002-இன் இழப்பீட்டுச் சட்டப்படி, பணம் பெற்றவர் அந்த விவரங்களை வெளியே சொன்னால் அபராதம், சிறை. வாய் திறந்ததற்காகக் கொடுத்த பணம், மறுபடி வாயை மூடச் சொன்னது. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2009 மே 20 அன்று, இந்தக் கொடுமைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. ஆண் பிள்ளைகளின் விடுதிகளில் பாலியல் கொடுமை ஊறிப்போயிருந்தது என்றது அது. வெளியீட்டுக் கூட்டத்துக்கு வந்த பாதிக்கப்பட்டவர்களை உள்ளே விடவில்லை.

சில நாள் கழித்து ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், பார்வையாளர் வரிசையிலிருந்து மைக்கேல் ஓபிரையன் பேசினார். குளோன்மெல் நகரத்தின் முன்னாள் மேயர், ஆளுங்கட்சிக்காரர். சிறுவனாக ஃபெரிஹவுஸ் பள்ளியில் தான் வன்புணர்வுக்கு ஆளானதை, தன் கட்சி அமைச்சரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆணையத்தின் முன் ஐந்து நாள் நின்றதாகவும், அங்கே ஏழு வழக்கறிஞர்கள் தன் நேர்மையைக் கேள்வி கேட்டதாகவும் குரல் உடைந்து சொன்னார். அன்று யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அரங்கமே கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாண்டு கழித்து, 2019-இல், அவரைப் போன்றோர் அளித்த சாட்சியங்களை 75 ஆண்டுக்கு முத்திரையிட்டு வைக்க அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. தங்கள் வாக்குமூலம் தங்களுக்கே சொந்தம் என்று பலர் எதிர்த்தார்கள். 2020 தொடக்கத்தில் நாடாளுமன்றம் கலைந்தபோது அந்த மசோதா காலாவதியானது.