மலையேறிய தீப்பொறி

நுவரெலியாவை ஒட்டிய மாகஸ்தோட்ட, 1848ஆம் ஆண்டளவில் சாமுவேல் பேக்கர் ஆங்கிலப் பாணியில் பண்ணை அமைத்துப் பார்த்த இடம். பின்னாளில் தேயிலைத் தோட்டமாகிவிட்ட அந்தச் சரிவில் 1934இல் ஒரு போட்டி தொடங்கியது. ஒவ்வொரு வண்டியாக மேட்டில் ஏற விட்டு, நேரம் கணித்து வெற்றியாளரைத் தீர்மானிக்கும் மலையேற்றப் பந்தயம் அது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களுள் ஒன்று என்று இன்றும் பெயர் சொல்கிறார்கள்.

அங்கே ஏறும் எந்த வண்டிக்கும் முதல் சோதனை காற்றுதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். கரையோரக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே கிடைக்கும். கொழும்பில் துள்ளி ஓடும் எஞ்சின் மலையில் தன் வலுவில் ஐந்தில் ஒன்றை இழந்துவிடுகிறது. மிஞ்சியதை வீணாக்காமல் எடுக்க வேண்டுமென்றால், சிலிண்டருக்குள் தீப்பொறி சரியான கணத்தில் விழ வேண்டும். மலையகத்து மெக்கானிக்குகளின் கைத்திறன் தலைமுறைகளாக இந்த ஒரு கணத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது.

தோட்டத்தில் வண்டிக்கும் ஒரு பதவி வரிசை இருந்தது. தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரை காரில் வருவார். அவருக்கு உதவியான சின்னதுரை மோட்டார் சைக்கிளில் மலை மலையாகச் சுற்றுவார். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின்கள் காற்றாலேயே குளிர்ந்தன. பற்றரி செத்துப்போனாலும் உதைத்துக் கிளப்பலாம், ஏனென்றால் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரத்தை மக்னீற்றோ தானே உண்டாக்கிக்கொண்டது. பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் 1902இல் உருவாக்கிய உயரழுத்த மக்னீற்றோவின் வழிவந்த கருவி அது. கார்கள் வேறு வழியில் போயின. அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த பற்றரி இக்னிஷன் 1910 கடிலாக் காரில் வந்தது. பற்றரி, கொயில், பொயின்ட், கொண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் மாறவேயில்லை.

1950களில் வொக்ஸ்வாகன் பீட்டில் இலங்கைக்கு வந்தபோது, மலைநாட்டுக்கென்றே செய்த வண்டிபோல அமைந்துவிட்டது. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏறும் பாதையில் மற்றக் கார்களின் ரேடியேட்டர் கொதிக்கும். பீட்டிலுக்கு ரேடியேட்டரே கிடையாது. ஒரு விசிறி காற்றை அடித்துச் சிலிண்டர்களைக் குளிர வைக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் அதன் பாரம் ஓட்டுகின்ற சக்கரங்களின் மேலேயே விழும். மழை ஊறிய தோட்டத்துப் பாதையிலும் சக்கரம் மண்ணைப் பற்றிக்கொள்ளும்.

அதன் பலவீனம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருந்தது. கொயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பொயின்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சுழலும் கமில் உரசும் சிறு கட்டை தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கும்; பொயின்ட் பிந்தித் திறக்கும்; தீப்பொறியும் பிந்தும். ஏற்றத்தில் வண்டி சோர்ந்துவிடும். கொண்டென்சர் பழுதானால் பொயின்டின் முகம் கருகிக் குழி விழும். தென்மேல் பருவக்காற்று அட்டன் பக்கத்தை நனைக்கும் மாதங்களில் மூடிக்குள் ஈரம் கோத்து, தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே தரையிறங்கும். மூடியைக் கழற்றித் துடைத்து, பொயின்டை அரத்தால் தேய்த்து, தகட்டு அளவி விட்டுப் பார்ப்பது அன்றாடக் காரியமானது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. துரைமார் பலர் புறப்பட்டுப் போனார்கள், வண்டிகள் இங்கேயே நின்றன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருக்கிற வண்டியை ஓட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு காரின் ஆயுள் அதைப் பார்த்துக்கொண்ட பாஸின், அதாவது மெக்கானிக்கின், கையில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையும் தோட்டத்து லொறியும் பலருக்குப் பள்ளிக்கூடங்களாயின. தீப்பொறி விழும் கணத்தை, அதாவது டைமிங்கை, காதால் கேட்டே திருப்பி வைக்கும் திறமை அப்படித்தான் ஊன்றியது.

பொயின்டை ஒழிக்கும் முயற்சி அப்போது வேறு நாடுகளில் தொடங்கியிருந்தது. 1963இல் பொன்டியக் நிறுவனம் திரான்சிஸ்டர் இக்னிஷனை விருப்பத் தெரிவாகக் கொடுத்தது. கிரைஸ்லர் 1973இல் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் மின்னணு முறையைப் பொருத்தியது. பிறகு எட்வின் ஹோல் 1879இல் கண்டறிந்த, காந்தப்புலத்தை மின்னால் உணர உதவும் விளைவு கைகொடுத்தது. கமின் மேல் சிறு காந்தங்கள் பதித்த வளையம் சுழல, அருகிலுள்ள உணரி காந்தம் கடக்கும் கணத்தில் கொயிலின் மின்னோட்டத்தை நிறுத்தும். உரசும் பகுதி இல்லாததால் தேய்மானமும் இல்லை. பழைய பீட்டில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் அளவில் இந்தக் கருவி இப்போது கிடைக்கிறது.

பொருத்துவது எளிது. பழைய பொயின்டையும் கொண்டென்சரையும் கழற்றி, தட்டில் உணரியைத் திருகி, சிவப்புக் கம்பியைக் கொயிலின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். மாறிக் கொடுத்தால் கருவி போய்விடும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தபடி விட்டாலும் கொயிலும் கருவியும் சூடேறிக் கெடும். 1967க்கு முந்திய பீட்டில்கள் பல 6 வோல்ட். அவற்றுக்கு அதற்குரிய கருவியே வேண்டும்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பீட்டிலின் எண்ணெய்க் குளிரூட்டி விசிறிக் கூண்டுக்குள், மூன்றாம் சிலிண்டரின் மேலே நின்று காற்றை மறிக்கும். அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகும். அதனால் பல பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் தீப்பொறியைச் சில பாகை பிந்த வைத்தார்கள். சம இடைவெளியில் காந்தம் பதித்த வளையம் வந்தவுடன் இந்த ஏற்பாடு மறைந்துவிடும். குளிரூட்டியைக் கூண்டுக்கு வெளியே தள்ளிய 1971க்குப் பிந்திய எஞ்சினுக்கு அது பெரிய குறையல்ல. பழைய எஞ்சினில் மூன்றாம் சிலிண்டரைக் கவனித்தே ஓட்ட வேண்டும்.

அடுத்தது உயரம். மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரியும். தீப்பொறி சற்று முந்தி வர வேண்டும். ஆனால் வெற்றிடத்தால் தீப்பொறியை முந்தச் செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர், உயரம் கூடக் கூட அந்த இழுவிசையை இழக்கிறது. ஆகவே கொழும்பில் வைத்த டைமிங் நுவரெலியாவில் சோம்பும். நுவரெலியாவில் வைத்த டைமிங்கோடு கரைக்கு இறங்கினால் எஞ்சின் தட்டக்கூடும். பலர் விரும்பி வாங்கும் பொஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெற்றிடக் குழாயே கிடையாது, சுழற்சி வேகத்தை மட்டும் நம்பி இயங்கும். பந்தயத்தில் முழு வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து அரை மிதியில் ஏறும் வண்டிக்கு, வெற்றிடக் குழாயோடு வந்த மூல டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னணுக் கருவியை வைப்பதுதான் ஏற்றது. 009 வைத்தால் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் மொத்த முந்துகை 28 முதல் 32 பாகைக்குள் நிற்கிறதா என்று ஸ்ட்ரோப் விளக்கால் பார்க்க வேண்டும்.

மின்னணு இக்னிஷன் மலைநாட்டுக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. பொயின்டின் தேய்மானத்தையும் அதனால் வரும் அலைச்சலையும் அது தீர்க்கிறது. மூடிக்குள் இறங்கும் பனியை அது துடைக்காது, உயரத்துக்கேற்ற பாகையையும் தானாகக் கண்டுபிடிக்காது. அந்த அறிவு அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள மூத்த பாஸ்மாரிடம் இருக்கிறது. எழுதி வைக்காத அறிவு அவர்களோடு போய்விடும். பழைய பீட்டில் வைத்திருப்போர் டிஸ்ட்ரிபியூட்டரின் எண்ணையும், எந்த ஊரில் எத்தனை பாகையில் டைமிங் வைக்கப்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரு சோடி பொயின்டும் கொண்டென்சரும் வண்டியிலேயே கிடக்கட்டும்.