பழைய மரண அறிவிப்பு ஒன்று கிடைத்தால்

வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் வந்து இறங்கும் நவம்பர் மாதம்தான் நாம் இறந்தோரை நினைக்கும் மாதமும். 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறோம். பெயரையும் தேதியையும் சரிபார்க்கப் பழைய பெட்டியைத் திறக்கிறோம். அப்போது செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு மரண அறிவிப்பு கைக்கு வரலாம். செய்தித்தாளில் வெட்டியதாகவோ, ஊருக்குக் கொடுக்க அச்சடித்த துண்டுத்தாளாகவோ இருக்கும். அதை என்ன செய்வது?

முதல் சிக்கல் ஆண்டு. அடக்கம் எப்போது என்று உறவினருக்குச் சொல்லவே அது அச்சானது. ஆகவே 'மார்ச் 12, வியாழக்கிழமை மாலை 4 மணி' என்று இருக்கும், ஆண்டு இராது. கவலை வேண்டாம், கிழமையே உதவும். 1950 முதல் 1970 வரை மார்ச் 12 வியாழனாக வந்தவை 1953, 1959, 1964, 1970 என நான்கே ஆண்டுகள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று இருந்தால், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் பிரிந்த 1997க்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

வயதை அப்படியே நம்ப வேண்டாம். 70, 75, 80 என்று முழு எண்ணாகவே பலருக்கும் வயது முடிகிறது! துக்க வீட்டில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது அது.

அடுத்து, பெயர்கள். இதில்தான் குடும்பங்களில் மனக்கசப்பு கிளம்புகிறது. 'எங்கள் அம்மா பெயரை மட்டும் ஏன் விட்டார்கள்?' என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். துக்கத்தோடு சொல்பவர்கள் என்று உயிரோடு இருப்பவர்களின் பெயரைத்தான் போடுவது வழக்கம். முன்னரே இறந்த மகளின் பெயர் அங்கே வராது. விடுபட்டதெல்லாம் விலக்கப்பட்டது அல்ல. வேண்டுமென்றே விட்டதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் ஒரு தேதியைச் சரிபார்ப்பது நல்லது.

அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. பல அறிவிப்புகளில் இறந்த பெண்ணுக்கே பெயர் இருப்பதில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார், அவ்வளவுதான். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவரின் பெயரை மூன்றாம் தலைமுறையில் சொல்ல ஆள் இல்லை.

பங்கின் பதிவேடு இங்கே துணைக்கு வருகிறது. திருமுழுக்கு ஆளின் பெயர் சொல்லியே கொடுக்கப்படுகிறது; மனைவி என்றோ தாயார் என்றோ அல்ல. இறந்தோர் பதிவேட்டையும் பங்குகள் வைத்திருக்க வேண்டும் என 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் விதித்தது. பெயர், பெற்றோர், ஊர், வயது, அடக்கம் செய்த இடம், பெற்ற அருளடையாளங்கள் என அதில் எழுதும் முறையும் தரப்பட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் 535, 1182 எண்கள் இதைக் கூறுகின்றன. கடைசி நாளில் அவஸ்தைப்பூசுதல் பெற்றாரா என்பதைக்கூட அங்கே காணலாம். எந்தச் செய்தித்தாளும் அதைச் சொல்வதில்லை.

தேடும்போது சில விவரம் தேவை. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ், ஞானப்பிரகாசம் அலோயிசியுஸ். இன்று தனிப்பங்காக உள்ள ஊர் அன்று கிளைக்கிராமமாக இருந்திருந்தால், ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானது. அதுவரை சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்தோம். அதுவும் 1952இல் சென்னை, மயிலை இரண்டும் இணைந்ததால் வந்ததே. எனவே பழைய தாளில் வேறு மேற்றிராசனத்தின் பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம்.

பங்குத்தந்தையிடம் ஊர், தோராயமான ஆண்டு, கணவர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, தேட அவகாசமும் தாருங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து, பேருந்துக்கு நேரமாகிறது என்று நின்றால் எந்தச் சாமியாராலும் தேட இயலாது. அடுத்த குடும்பத்தாரின் பதிவுகளைப் படம் எடுப்பதும் தகாது.

யாழ்ப்பாணத்தில் உறவுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அங்கே 31ஆம் நாளுக்குக் குடும்ப வரலாற்றோடு நினைவு மலர் அச்சிடும் வழக்கம் இருக்கிறது. 'நூலகம்' என்னும் இணைய நூலகம் அவற்றையும் சேர்த்து வைத்துள்ளது.

கிடைத்த தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். வெயில் படாத இடத்தில் உறையில் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து உறவினருக்கு அனுப்புங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.

பூசைக் கருத்து எழுதும்போது 'குடும்பத்தில் இறந்தவர்கள்' என்றே எழுதி வந்திருப்போம். பதிவேட்டில் பெயர் கிடைத்துவிட்டால், இந்த நவம்பரில் அந்தப் பெயரையே எழுதிக் கொடுக்கலாம். எழுத்து தெளிவாக இருக்கட்டும், பீடத்தில் வாசிக்க வேண்டும்.