சுமந்தவர்களின் பாதை: கொக்கோடா மலைத்தடத்தின் வரலாறு

ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில் குரோனுல்லா என்றொரு கடற்கரை உண்டு. 2005 டிசம்பர் 11ஆம் நாள் அங்கே ஏறத்தாழ 5,000 பேர் திரண்டனர். மத்தியகிழக்கைச் சேர்ந்தவர் போன்ற தோற்றமுடைய எவரும் அன்று கண்ட இடத்தில் தாக்கப்பட்டனர். அடுத்து வந்த இரவுகளில் மறுதரப்பு இளைஞர் சிலர் பழிவாங்கப் புறப்பட்டனர். அந்தக் கலவரம் நடந்து நான்காண்டுகள் கழித்து, 2009இல், நாடாளுமன்ற உறுப்பினர் இருவர் ஒரு முயற்சி மேற்கொண்டனர். லெபனானிய முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் வாழும் பேங்க்ஸ்டவுன் வட்டாரத்தின் உறுப்பினர் ஜேசன் கிளேர் தொழிற்கட்சிக்காரர். குரோனுல்லா அடங்கிய தொகுதியின் உறுப்பினர் ஸ்காட் மோரிசன் லிபரல் கட்சிக்காரர். பின்னர் 2018 முதல் 2022 வரை பிரதமராக இருந்தவரும் அவரே. இருவரும் தத்தம் பகுதி இளைஞர்களைச் சேர்த்து அழைத்துக்கொண்டு பப்புவா நியூகினியின் கானகத்துக்குச் சென்று, கொக்கோடா என்னும் மலைத்தடத்தில் நடந்தனர்.

பகைத்து நின்ற இரு சாரார் பிள்ளைகளை ஒன்றாக நடக்கவைக்க இந்தப் பாதை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? அந்நாட்டில் கொக்கோடா என்ற பெயருக்கு உள்ள மதிப்பை அறிந்தால் இது விளங்கும். 1992இல் பிரதமர் பால் கீட்டிங் கொக்கோடா மண்ணில் மண்டியிட்டு அதை முத்தமிட்டார். 2002 ஆகஸ்டில் இசுராவா என்னுமிடத்தில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அங்கே நிற்கும் கருங்கல் தூண்கள் நான்கிலும் ஒவ்வொரு சொல் பொறிக்கப்பட்டுள்ளது: துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம். பள்ளி மாணவர், விளையாட்டுக் கழகத்தார், வழிதவறிய பிள்ளைகளைத் திருத்தும் அமைப்பினர் என ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தூண்களின் முன் வந்து நிற்கின்றனர். அவர்கள் அங்கே பெறுவது வரலாற்றின் ஒரு பகுதியே. மறு பகுதி, நம்மைப் போன்ற வாசகர்கள் கூடுதலாகக் கூர்ந்து நோக்கத்தக்கது.

பாதையின் நீளம் 96 கிலோமீட்டர். தெற்கே போர்ட் மோர்ஸ்பி நகருக்கு அப்பால் ஓவர்ஸ் கார்னர் என்னுமிடத்தில் தொடங்கி, ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து வடக்கே கொக்கோடா ஊரில் முடிகிறது. தொலைவைக் கொண்டு இதை மதிப்பிடுவது தவறு. ஏறிய உயரமெல்லாம் இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, மீண்டும் ஏறவேண்டும். உச்சியின் உயரம் 2,000 மீட்டருக்கு மேல். பகலில் புழுக்கம், இரவில் எலும்பை ஊடுருவும் குளிர், நாள்தோறும் பிற்பகலில் மழை. இமிட்டா முகட்டின் சரிவில் ராணுவப் பொறியாளர்கள் மண்ணை வெட்டி மரக்கட்டைகளை முன்விளிம்பாகப் பதித்துப் படிகள் அமைத்தனர். மழை பெய்ததும் ஒவ்வொரு படியும் சேற்றுத் தொட்டியாயிற்று. அதற்குப் 'பொற்படிகள்' என்று பெயரிட்டவர் யாராயினும் நகைச்சுவை உணர்வு மிக்கவர்.

1942 மே மாதம் பவளக் கடற்போரின் விளைவாக, கடல்வழியே போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கும் ஜப்பானின் திட்டம் முறிந்தது. ஜூனில் மிட்வே தோல்வியும் சேர்ந்துகொள்ளவே, மலையைக் கடந்து தரைவழியே செல்வதென முடிவாயிற்று. ஜூலை 21ஆம் நாள் வடகரையில் கோனா அருகே ஜப்பானியப் படை இறங்கியது. தளபதி ஹோரி தொமித்தாரோ. எதிரே நின்றது முதலில் 39ஆம் பட்டாலியனின் ஒரு கம்பெனியும், பப்புவா மண்ணின் மைந்தர்களைக் கொண்ட பப்புவா காலாட்படையின் சில பிரிவுகளும் மட்டுமே. 39ஆம் பட்டாலியனார் உள்நாட்டுக் காவலுக்கென எடுக்கப்பட்டவர்கள்; பலருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. சூட்டில் உருகிவிடும் 'சாக்லேட் சிப்பாய்கள்' என்று தம் நாட்டாராலேயே எள்ளப்பட்டவர்கள். ஜூலை 29ஆம் நாள் கொக்கோடா வீழ்ந்தது. ஆகஸ்ட் இறுதியில் இசுராவாவில் நடந்த நான்கைந்து நாள் போரில் அவர்களும் உதவிக்கு வந்த மூத்த பட்டாலியன்களும் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தி, பின் படிப்படியாகப் பின்வாங்கினர். செப்டம்பர் நடுவில் ஜப்பானியர் அயோரிபைவா முகட்டை அடைந்தனர். அங்கிருந்து கடல் தெரிந்தது; உணவு மட்டும் இல்லை. குவாடல்கனால் போரில் திணறிய தலைமை, அவர்களைத் திரும்புமாறு பணித்தது. நவம்பர் 2ஆம் நாள் கொக்கோடா மீட்கப்பட்டது. ஹோரி அம்மாதமே பின்வாங்கும் வழியில் நீரில் மூழ்கி மாண்டார். ஆஸ்திரேலியத் தரப்பில் இறந்தோர் 600க்கும் மேற்பட்டவர். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் வீழ்ந்தோர் தொகை குண்டடிபட்டோரைவிட மிகுதி.

இவ்வளவும் எல்லாப் பாடநூலிலும் காணப்படும். ஆனால் இந்தப் போரை நிர்ணயித்தது துப்பாக்கியன்று, அரிசி மூட்டை. வண்டி செல்லாத, கோவேறு கழுதையும் சில மைல்களுக்கு மேல் ஏறாத மலையில் ஒரு படைக்கு உணவும் தோட்டாவும் மருந்தும் போய்ச் சேர வேண்டுமானால், மனிதர் முதுகு ஒன்றே வழி. அந்த முதுகுகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பு பெர்ட் கீன்ஸ்லே என்ற லெப்டினன்ட்டிடம் வந்தது. கொக்கோடாவுக்கு அருகே ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். தந்தை ஜெர்மானியர் என்பதற்காக முதல் உலகப்போரின்போது சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் காவலில் வைக்கப்பட்டவர் என்பது விந்தை. அவர் போட்ட கணக்கு எளிது. ஒரு சுமையாளர் உணவை மட்டுமே சுமந்தால், அவரே அதைப் பதின்மூன்று நாளில் உண்டு தீர்த்துவிடுவார். ஒரு சிப்பாய்க்கும் சேர்த்துச் சுமந்தால் ஆறரை நாள். கொக்கோடாவுக்கு நடை எட்டு நாள். ஆகவே வெறும் ஆள்பலத்தால் இந்தப் போரை நடத்தவே முடியாது என்று அவர் அறிவித்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் மலைமுகட்டருகே வறண்ட ஏரிப்படுகை ஒன்றைக் கண்டறிந்து மயோலா எனப் பெயரிட்டார். அங்கே விமானங்கள் மூட்டைகளை எறிந்தன. எறிந்தவற்றில் உடைந்ததும் காட்டில் தொலைந்ததும் ஏராளம். ஆகஸ்ட் 17ஆம் நாள் ஜப்பானியக் குண்டுவீச்சில் போர்ட் மோர்ஸ்பி தளத்தில் நின்ற சரக்கு விமானங்கள் அழிந்தன. மீண்டும் முதுகுகளே கதி.

அந்த முதுகுகள் தாமாக முன்வந்தவையல்ல. 1906 முதல் பப்புவா ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதி. அதன் மக்கள் குடிமக்களல்லர், ஆளப்பட்டோர். 1942 ஜூன் 15ஆம் நாள் ராணுவத் தளபதி பேசில் மோரிஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி எந்தக் கிராமத்து ஆடவரையும் கட்டாயமாகப் பணிக்கு எடுக்கலாம். ஊர்களில் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் எஞ்சினர், தோட்டங்கள் காடாயின. கூலி மாதம் சில ஷில்லிங். சுமை சட்டப்படி 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ. நடைமுறையில் அது பல நாள் கூடிற்று. காயம்பட்டவரைப் போர்வையும் கம்பும் கொண்டு கட்டிய டோலியில் தூக்க எண்மர் தேவை. வழுக்கும் சரிவில் டோலியைச் சாயாமல் பிடித்து, நாள்கணக்கில் இறங்கினர். நோயாளிக்கு மழைபடாமல் இலைக்கூரை வேய்ந்து, தாம் நனைந்து கிடந்தனர்.

முதல் உலகப்போரில் செவிப்புலன் குன்றிய அறுபது வயது மருத்துவர் ஜெஃப்ரி வெர்னன், சுமையாளர்களுக்காகவே அந்தப் பாதையில் நடந்தவர். இயோரா ஓடைக்கரையில் தமக்குப் போர்வீரர்களின் காயங்களைவிடச் சுமையாளர்களின் நிலையே மிகுந்த கவலை அளித்ததாக அவர் எழுதிவைத்தார். மிகைச்சுமை, குளிர், அரைவயிறு. மாலைதோறும் கூட்டங்கூட்டமாக வந்து, சுமையை இறக்கிய இடத்திலேயே வீழ்ந்து கிடந்தனர் என்பது அவர் பதிவின் சாரம். தப்பி ஓடியவர்கள் பலர்; பிடிபட்டவர்கள் தண்டிக்கப்பட்டனர். ஜப்பானியரும் இதையே, இன்னும் கொடுமையாகச் செய்தனர். ரபாவுல் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட நியூகினி மக்கள் அவர்களுக்காகச் சுமந்து, அவர்களோடு பட்டினியால் மடிந்தனர்.

ஆஸ்திரேலியா இவர்களை மறந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. உண்மை இன்னும் சிக்கலானது: நினைவில் வைத்தது, தனக்கு ஏற்ற உருவத்தில். 1942 கிறிஸ்துமஸ் நாளில் புனா அருகே ஜார்ஜ் சில்க் எடுத்த புகைப்படத்தில், கண்கட்டுடன் தடியூன்றி வரும் ஜார்ஜ் விட்டிங்டன் என்ற சிப்பாயை ரஃபேல் ஓயிம்பரி என்ற பப்புவர் மென்மையாக நடத்திச் செல்கிறார். சில வாரங்களில் விட்டிங்டன் காய்ச்சலால் இறந்தார். படம் உலகெங்கும் பரவியது. பெர்ட் பெரோஸ் என்ற சிப்பாயின் கவிதையால் சுமையாளர்களுக்கு 'ஃபஸ்ஸி வஸ்ஸி தேவதூதர்கள்' என்ற பெயர் நிலைத்தது.

இந்தப் பெயரின் வரலாறு நம் வாசகர்களுக்குச் சுவைதரும். சுருண்டு செறிந்த முடியைக் குறிக்கும் 'ஃபஸ்ஸி வஸ்ஸி' என்பது பப்புவாவில் பிறந்த சொல்லன்று. 1880களில் சூடானில், மஹ்தி இயக்கத்தின் செங்கடல் பகுதித் தளபதி உஸ்மான் திக்னாவின் கொடியின்கீழ்ப் போரிட்ட பெஜா இன முஸ்லிம்களுக்கு ஆங்கிலேயச் சிப்பாய்கள் இட்ட பட்டப்பெயர் அது. 1884 மார்ச்சில் தமாய் களத்தில், பீரங்கிகளும் நவீனத் துப்பாக்கிகளும் கொண்ட ஆங்கிலேயச் சதுர வியூகத்தை ஈட்டியும் வாளும் ஏந்தி உடைத்தவர்கள் அவர்கள். அதைக் கிப்ளிங் பாட்டாக்கினார். பேரரசை எதிர்த்து நின்றவர்களுக்கு ஏளனமும் வியப்பும் கலந்து வைத்த பெயர், அறுபதாண்டு கழித்துப் பேரரசுக்காகச் சுமக்கவைக்கப்பட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது. 'தேவதூதர்' என்ற ஒட்டு மட்டும் புதிது. தேவதூதருக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை, ஓடிப்போகும் உரிமையும் இல்லை என்பதையும் இங்கே கருதவேண்டும்.

அந்தப் படிமத்தில் அடங்காத பப்புவர்களும் இருந்தனர். ஓயிம்பரியின் இனமான ஒரோகைவா மக்களுள் சிலர், ஆண்டவர் போய் வேறு ஆண்டவர் வந்துவிட்டார் என்று எண்ணி ஜப்பானியருக்கு உதவினர்; கிறித்தவச் சமயப் பணியாளர்களைக் காட்டிக்கொடுக்கவும் செய்தனர். 1943இல் ஹிகாத்துரு என்னும் நிர்வாக ஊரில், மக்கள் கூட்டத்தின் முன்னிலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். தம் நாடல்லாத நாட்டுக்குத் துரோகம் செய்தது குற்றம். இரு படைகளில் எதற்குச் சுமப்பது என்று தேர்வுசெய்ய வழியில்லாத மக்களுக்கு இதைவிடக் கொடிய நிலை உண்டோ? 1951 ஜனவரியில் லாமிங்டன் எரிமலை வெடித்து ஹிகாத்துருவைத் துடைத்தெறிந்தது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். தூக்குமரம் நின்ற ஊரே இல்லை. நடைபயணிகளின் பாதையும் அந்தப் பக்கம் செல்வதில்லை.

இன்றைய நடை பெரும்பாலும் எட்டு முதல் பத்து நாள். அதை முறைப்படுத்த 2003இல் தனி ஆணையம் ஏற்பட்டது. நடப்போர் கட்டணம் செலுத்தவேண்டும். 2009 ஆகஸ்டில் பயணிகளை ஏற்றிச்சென்ற சிறு விமானம் இசுராவா அருகே மோதி 13 பேரும் இறந்தனர். அதற்குச் சற்று முன்னர், பாதையை ஒட்டிய கோடு என்னுமிடத்தில் செம்பும் பொன்னும் தோண்டும் திட்டம் எழுந்தது. வருவாயை எதிர்பார்த்த நிலவுரிமையாளர்கள் பாதையை மறித்தனர். ஆஸ்திரேலியா பாதை கெடும் என அஞ்சியது. 2008இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன, சுரங்கம் நின்றது, பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் உதவி வந்தது. ஒருவருக்கு அது புனித நினைவிடம், மற்றவருக்கு அது தன் தோட்டத்துக்குப் போகும் வழி. இந்த வேறுபாட்டை நடக்க வரும் இளைஞரிடம் எடுத்துச் சொல்பவர் குறைவு.

சொல்லத்தான் வேண்டும். குறிப்பாக, பேங்க்ஸ்டவுனிலிருந்து சென்ற பிள்ளைகளுக்கு. தம் பாட்டனார் இந்நாட்டுப் படையில் இல்லை என்பதால் தாம் பாதி அந்நியர் என்ற உணர்வோடு அவர்கள் அங்கே நடந்திருந்தால், 39ஆம் பட்டாலியனின் அடிச்சுவட்டில் நடப்பது ஒரு நுழைவுச்சீட்டு ஆகிவிடுகிறது. தோழமை என்று தூணில் செதுக்கிய சொல், சீருடை அணிந்தவர்களுக்கு இடையிலானது. டோலியின் எட்டு மூலைகளைப் பிடித்தவர்களை அது ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டு ஆயிற்று. பேங்க்ஸ்டவுன் இளைஞன் தன் முன்னோரின் கதையைத் தேடவேண்டிய இடம் அந்த எண்மரின் பக்கம் என்பது என் கருத்து.

போர்க்காலம் முழுவதும் நியூகினியெங்கும் ஆஸ்திரேலிய ராணுவ நிர்வாகம் வேலைக்கு எடுத்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்பது கணிப்பு. போர் முடிந்தபோது சுமையாளர்களுக்குப் போர்ப் பதக்கம் வழங்கப்படவில்லை. 1975இல் நாடு விடுதலை பெற்றது. ஓயிம்பரி 1996இல் காலமானார். 2009இல்தான், உயிரோடிருந்த சுமையாளர்களுக்கு நினைவுப் பதக்கம் வழங்க ஆஸ்திரேலிய அரசு தொடங்கியது. அதே ஆண்டில் சிட்னி இளைஞர்கள் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தனர். அங்கே நடப்போர் பலரின் மூட்டைகளை, கூலிக்கு அமர்த்தப்பட்ட கொய்யாரி, ஒரோகைவா இளைஞர்களே சுமந்து முன்னே செல்கின்றனர்.